பதினெட்டு வயதில் லைசென்ஸ்: எல்.எல்.ஆர். முதல் எட்டு போடுவது வரை

"பதினாறு வயசானா ஸ்கூட்டி ஓட்டலாம், சட்டமே சொல்லுது" என்று தெருவுக்கு ஒருவராவது சொல்வார். அதை நம்பி பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கிற பெற்றோர்களும் இருக்கிறார்கள். சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னார், அவ்வளவுதான். லைசென்ஸ் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த மீதிப் பாதியை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டில் வந்தது. அதன் 4ஆம் பிரிவின்படி 18 வயது நிறையாதவர் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: இன்ஜின் திறன் 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை 16 வயது நிறைந்தவர் ஓட்டலாம். அந்த வயதில் எல்.எல்.ஆர். (கற்றுக்கொள்பவர் உரிமம்) கொடுப்பதும் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான், அதுவும் பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்தில் சம்மதம் கொடுத்தால்தான். தெருவில் பேசப்படுகிற சட்டத்தில் எப்போதும் விட்டுப்போவது இந்த 50 சி.சி.தான்.

லூனாவும் டி.வி.எஸ். 50-யும் ஊரெல்லாம் ஓடிய காலத்தில் அந்த விலக்குக்கு அர்த்தம் இருந்தது. இன்று ஷோரூமுக்குப் போய்ப் பாருங்கள். மளிகை மூட்டை ஏற்றுகிற டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கூட கிட்டத்தட்ட 100 சி.சி. ஆக்டிவா, ஜூபிடர் எல்லாம் அதற்கும் மேலே. ஆகவே 16 வயதில் எடுக்கிற லைசென்ஸை வைத்துக்கொண்டு அம்மாவின் ஆக்டிவாவை எடுத்தால், சட்டத்தின் கண்ணில் அது லைசென்ஸே இல்லாமல் ஓட்டுவதுதான். வீட்டுத் திண்ணையில் பழைய 50 சி.சி. வண்டி ஓடுகிற நிலையில் இருந்து, அதன் ஆர்.சி.யும் (பதிவுச் சான்று) உயிரோடு இருந்தால் ஒழிய, 16 வயது லைசென்ஸால் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம். இரண்டு வருடம் பொறுத்திருப்பதே மேல்.

பேட்டரி வண்டி ஓட்டலாமே என்பது அடுத்த கேள்வி. சில பேட்டரி வண்டிகளை ஓட்டலாம். மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, பேட்டரியை நீக்கிய எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருக்கும் வண்டியைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே எண்ணுவதில்லை. பதிவு எண் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்த 25 கிலோமீட்டர் பூட்டை மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றிவிட்டால் அந்தச் சலுகையும் கூடவே கழன்றுவிடும். பச்சை நம்பர் பிளேட்டோடு ஓடுகிற ஏத்தர், ஓலா மாதிரியான வண்டிகளோ முழு மோட்டார் வாகனங்கள். குழப்பமாக இருந்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நம்பர் வாங்க வேண்டிய வண்டி என்றால் லைசென்ஸும் வேண்டும்.

மேல்வயதிலும் ஒரு படி இருக்கிறது. பைக், கார் இரண்டுக்கும் 18 போதும். வாடகைக்கு ஓடும் ஆட்டோ, டாக்சி, லாரி போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்ட 20 வயது நிறைய வேண்டும். படித்துக்கொண்டே ஆட்டோ ஓட்டலாம் என்று கணக்குப் போடுகிற பையன்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிடிபட்டால் யாருக்கு என்ன ஆகும்

முன்பெல்லாம் போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டிவிட்டு, அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். 2019இல் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகு கதை மாறிவிட்டது. 18 வயது நிறையாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது நிறையும் வரை எல்.எல்.ஆரும் கிடையாது, லைசென்ஸும் கிடையாது.

எனக்குத் தெரிந்து பிள்ளைகளை உறைக்கச் செய்வது அந்தக் கடைசி வரிதான். சிறை, அபராதம் எல்லாம் அப்பா பாடு என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கல்லூரி முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கூட இருப்பவர்கள் எல்லாம் சொந்த வண்டியில் வரும்போது நீ மட்டும் 25 வயது வரை பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று சொன்னால் கொஞ்சம் யோசிக்கிறார்கள்.

பெற்றோருக்கு உறைக்க வேண்டியது இன்சூரன்ஸ். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பார்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி யாரையாவது இடித்துவிட்டால், அடிபட்டவருக்கு முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம். 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியிருக்கிறது. விபத்து நஷ்டஈடு பல லட்சம் வரை போகும். பால் வாங்கக் கடைவரைக்கும்தானே என்று கொடுத்த சாவி, ஒரு வீட்டின் சேமிப்பையே கேட்டு வந்து நிற்கும்.

சட்டம் தடுப்பது "பொது இடத்தில்" ஓட்டுவதை. சொந்தத் தோப்புக்குள்ளோ, வேலி போட்ட வயல் களத்திலோ வண்டியைத் தள்ளிப் பழகுவதை இந்தப் பிரிவு தொடாது. ஆனால் ஊர் மந்தை, பேருந்து நிலையத் திடல், கோயில் வாசல் மாதிரி பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகிற இடமெல்லாம் பொது இடம்தான்; அது சாலை இல்லையே என்று வாதாட முடியாது.

விண்ணப்பத்துக்கு முன்னால் பெயரைச் சரிபாருங்கள்

18 முடிவதற்கு முன்பே எல்.எல்.ஆர். எடுத்து வைத்துக்கொண்டு, பிறந்தநாளன்று லைசென்ஸ் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. எந்த வகை வண்டிக்கு எந்த வயது என்று இருக்கிறதோ, அந்த வயது நிறைந்தால்தான் அதற்கான எல்.எல்.ஆரே கிடைக்கும். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வு. ஆகவே எவ்வளவு அவசரப்பட்டாலும் 18 வயதும் ஒரு மாதமும் ஆகாமல் கையில் லைசென்ஸ் வராது.

அந்தக் காத்திருப்பில் செய்ய வேண்டிய உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் இன்ஷியல் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. ஒன்றில் இன்ஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுசாக நீண்டிருக்கும். பிறந்த தேதியும் சில வீடுகளில் பள்ளியில் சேர்க்கும்போது மாறிப்போயிருக்கும். ஆதாரை வைத்து இணையத்தில் விண்ணப்பிக்கும்போது பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஆதாரிலிருந்தே நேராக வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே இருக்கிற பிழை லைசென்ஸிலும் அச்சாகும். பின்னால் பாஸ்போர்ட்டுக்கோ கல்விக் கடனுக்கோ போகும்போது அந்தப் பிழைக்காக அலைய வேண்டிவரும். 17 வயதிலேயே ஆதாரைத் திருத்தி வைத்துவிடுவது நல்லது.

விண்ணப்பம் மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில், சாரதி என்ற பகுதியில். மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால் கற்றுக்கொள்பவர் உரிமத்துக்கான வழி இருக்கும். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் கையில் இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். அந்த எண் ஊரில் இருக்கிற தாத்தாவின் பழைய போனில் இருந்தால், முதலில் அதை மாற்றுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றாலோ தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தாலோ இ-சேவை மையத்தில் கொடுக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்துகொடுப்பதும் இதே விண்ணப்பத்தைத்தான், கூடுதல் காசு வாங்கிக்கொண்டு.

உடல்நலம் பற்றி நீங்களே உறுதி கூறும் படிவம் ஒன்று உண்டு. வலிப்பு வருமா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். கண்ணாடி போட்டுப் படித்தாலும் சரிதான். பலர் படிக்காமலேயே எல்லாவற்றையும் டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். தெருவில் நிற்கிற ஒரு காரின் நம்பரை 30 எட்டு தள்ளி நின்று படித்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால், டிரைவிங் ஸ்கூலுக்கு முன்னால் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிளாக்போர்டு தெரியாமல் பக்கத்து நோட்டைப் பார்த்தே பள்ளியை ஓட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரத்த வகையையும் ஊகத்தில் போடாதீர்கள். விபத்தில் இறக்க நேர்ந்தால் உறுப்பு தானம் செய்யச் சம்மதமா என்று கேட்கிற கட்டத்துக்கு மட்டும் வீட்டில் பேசிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எந்த வண்டிக்கு விண்ணப்பிப்பது? இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இருசக்கர வண்டியில் கியர் இல்லாதது, கியர் உள்ளது என்று இரண்டு வகை. கியர் வண்டிக்கான லைசென்ஸ் இருந்தால் ஸ்கூட்டரும் ஓட்டிக்கொள்ளலாம். கியர் இல்லாததற்கு மட்டும் எடுத்தால் பைக்கைத் தொட முடியாது. பெண் பிள்ளைகளுக்கு "ஸ்கூட்டிக்கு மட்டும் போட்டா போதும்மா" என்று சொல்லி அந்த ஒரு கட்டத்தை மட்டும் டிக் அடித்து அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைக் கேட்காதீர்கள், தங்கைகளே. கியர் பைக்கும் காரும் சேர்த்தே போடுங்கள். பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்க்கப் போனால் மறுபடியும் எல்.எல்.ஆர்., மறுபடியும் 30 நாள், மறுபடியும் தேர்வு. கார் ஆட்டோமேட்டிக்காக இருந்தாலும் கியர் காராக இருந்தாலும் நம் நாட்டில் ஒரே லைசென்ஸ்தான்.

கட்டணம் பயப்படும்படி இல்லை. மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், எழுத்துத் தேர்வுக்கு 50. பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300, லைசென்ஸ் வழங்க 200. இதற்கு மேல் சேவைக் கட்டணம், அட்டைக் கட்டணம் என்று சிறு தொகைகள் சேரும். மொத்தம் எவ்வளவு என்று பணம் கட்டும் பக்கத்திலேயே தெரிந்துவிடும். டிரைவிங் ஸ்கூலில் "எல்லாம் சேர்த்து" என்று ஒரு தொகை சொல்லும்போது, இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, மீதி எதற்கு என்று கேளுங்கள்.

எல்.எல்.ஆர். தேர்வு

கம்ப்யூட்டரில் சில கேள்விகள் வரும், ஒவ்வொன்றுக்கும் கீழே விடைகள் இருக்கும், தமிழிலேயே எழுதலாம். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆதார் வழி விண்ணப்பித்தவர்கள் வீட்டிலிருந்தே எழுதவும் வழி வந்துவிட்டது. அதற்கு முன்னால் தளத்தில் காட்டும் பாடத்தைத் தள்ளிவிடாமல் பார்த்துவிடுங்கள்.

கேள்விகளில் பல சாலைக் குறியீடுகளைப் பற்றியதாக இருக்கும். வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் சுலபம். வட்டம் என்றால் கட்டளை, மீறினால் குற்றம். முக்கோணம் எச்சரிக்கை. செவ்வகம் தகவல். "நில்" பலகைக்கு மட்டும் எட்டுப் பக்கம், "வழிவிடு" பலகை தலைகீழ் முக்கோணம். பின்னாலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக இந்த இரண்டுக்கும் தனி உருவம்.

மற்றவை நடத்தை பற்றியவை. ஆளில்லா ரயில்வே கேட்டில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் "ஹாரன் அடித்துக்கொண்டு வேகமாகக் கடக்க வேண்டும்" என்று ஒரு விடை இருக்கும். சிரிக்காதீர்கள், டிக் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி வண்டியை நிறுத்தி, கூட வருபவர் இறங்கி நடந்துபோய் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். கூட யாரும் இல்லையென்றால் ஓட்டுபவரே இறங்கிப் பார்க்க வேண்டும். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை, போலீஸுக்கும் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம். நாலு முறை கவனமாகப் படித்தால் தேறிவிடலாம். தேறாவிட்டாலும் மறுபடி 50 ரூபாய், அவ்வளவே.

அந்த ஆறு மாதம்

எல்.எல்.ஆர். 6 மாதத்துக்குச் செல்லும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தவறு நடக்கிறது. காகிதம் கையில் வந்ததும் "எல்.எல்.ஆர். இருக்கு, போலீஸ் பிடிச்சா காட்டிக்கலாம்" என்று பையன் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிவிடுகிறான், இன்னும் சிலர் டிரிபிள்ஸ். 30ஆம் நாள் தேர்வுக்கு நாள் குறித்து வைத்திருப்பான். எல்.எல்.ஆர். என்பது லைசென்ஸுக்குக் கொஞ்சம் குறைந்த லைசென்ஸ் என்று அவன் நினைக்கிறான். அது கற்றுக்கொள்ள மட்டும் கொடுத்த அனுமதி.

விதிகள் தெளிவாகவே இருக்கின்றன. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு "எல்" எழுத்து வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது, எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையக் கூடாது. பத்து ரூபாய் ஸ்டிக்கரை மட்கார்டு ஓரத்தில் ஒட்டுவது கணக்கில் வராது. காரில் பழகும்போது லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின் சீட்டில் போன் பார்த்துக்கொண்டு அல்ல. பைக்கில் பின்னால் ஏற்றலாம் என்றால், அது லைசென்ஸ் வைத்திருந்து கற்றுக்கொடுக்க வருபவரை மட்டும்தான். நண்பன், தங்கை, பாட்டி யாரையும் ஏற்ற முடியாது. இரண்டு பேருக்கும் ஹெல்மெட். எல்.எல்.ஆர். காலத்துக்கென்று அதில் சலுகை எதுவும் இல்லை.

டொராண்டோவில் குடியேறிய நம் உறவுகளிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 16 வயதிலேயே எழுத்துத் தேர்வும் கண் பரிசோதனையும் முடித்து ஜி1 என்ற முதல் படி லைசென்ஸை வாங்கிவிடலாம். ஆனால் அதோடு ஒரு சங்கிலியும் வரும். குறைந்தது 4 ஆண்டு அனுபவமுள்ள ஓட்டுநர் பக்கத்தில் இருக்க வேண்டும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது, ரத்தத்தில் ஒரு சொட்டு மதுவும் கூடாது. அப்படியே 12 மாதம், அங்கீகரித்த பயிற்சி முடித்தால் 8 மாதம். அதன் பிறகு சாலைத் தேர்வில் ஓட்டிக் காட்டி ஜி2, அதிலும் இளைஞர்களுக்கு இரவில் எத்தனை நண்பர்களை ஏற்றலாம் என்று கட்டுப்பாடு. கடைசியில்தான் முழு லைசென்ஸ். நம் சட்டத்தில் இந்தப் படிகள் இல்லை. ஓட்டுநர் தேர்வில் தேறிய அன்று இரவே பையன் காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு பைபாஸில் போகலாம், சட்டம் கேட்காது. நமக்கு இருக்கிற ஒரே படி எல்.எல்.ஆர். காலம்தான். அதனால்தான் அதை 30 நாளில் முடித்துவிடாதீர்கள் என்கிறேன். 6 மாதம் செல்லும் காகிதத்துக்கு மூன்று நான்கு மாதமாவது கொடுங்கள். ஒரு மழைக்காலம் இடையில் வந்தால் இன்னும் நல்லது.

அந்த மாதங்களில் எதைப் பழகுவது? முதல் வாரம் காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத சாலையில், கிளட்சும் பிரேக்கும் கைக்கும் காலுக்கும் பழகுகிற வரை. பிறகு மெதுவாக ஓட்டுவதை. வேகமாக ஓட்டுவது தானாக வந்துவிடும். நடக்கிற வேகத்தில் காலை ஊன்றாமல் ஓட்டுவதுதான் கடினம், தேர்விலும் அதையே கேட்பார்கள். அடுத்து, கண்ணாடி பார்ப்பது. நம் ஊர்ப் பையன்கள் புது வண்டி வாங்கியதும் முதலில் கழற்றுவது சைடு மிர்ரரைத்தான், அது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிறகு மழைச் சாலை, இரவில் எதிர் வண்டியின் வெளிச்சம், சந்தை நாளில் கடைத்தெரு, மேட்டில் நிறுத்தி எடுப்பது. ஒவ்வொன்றையும் ஒரு பெரியவரோடு ஒரு முறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும்.

கார் கற்றுக்கொள்ள டிரைவிங் ஸ்கூல் போவது நல்லது. பயிற்றுநர் பக்கத்திலும் பிரேக் இருக்கும். விதிப்படி பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. பல இடங்களில் ஒரே காரில் நாலு பேரை ஏற்றி ஆளுக்குக் கால் மணி நேரம் என்று ஓட்ட விடுகிறார்கள். சேர்வதற்கு முன்னால் "தினம் நான் மட்டும் எவ்வளவு நேரம் ஓட்டுவேன்?" என்று கேட்டு, பதிலைக் கூட்டிப் பாருங்கள். அப்பா, சித்தப்பா, அண்ணன் கற்றுக்கொடுப்பதில் சட்டச் சிக்கல் இல்லை, அவர்களிடம் அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் இருந்தால் போதும். பொறுமை இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

எட்டு

தேர்வு நாளை இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். அன்று எல்.எல்.ஆரோடு வண்டியையும் கொண்டுபோக வேண்டும். அது அப்பா பெயரில் இருந்தாலும் சரி. ஆனால் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் போன வாரம் முடிந்துபோன வண்டியைக் கொண்டுவந்து திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். வண்டியில் எல் பலகை, தலையில் ஹெல்மெட், காலில் ஷூ. ஹவாய் செருப்போடு போகாதீர்கள்.

தேர்வு வைப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊரில் பழைய ஆட்கள் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்பார்கள். இருசக்கர வண்டிக்கு அவர் கேட்பது எட்டு: தரையில் இருக்கும் 8 வடிவத்தில் காலை ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். கேட்க அற்பமாக இருக்கும். பத்து வருடம் ஓட்டியவர்களே பதற்றத்தில் கால் ஊன்றுவார்கள். முன் சக்கரத்தையே குனிந்து பார்ப்பதுதான் காரணம். தலையைத் தூக்கி, அடுத்து போக வேண்டிய வளைவைப் பாருங்கள், வண்டி கண் போகிற பக்கம் வரும். கியர் பைக் என்றால் முதல் கியரில் பாதி கிளட்ச், பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி. முன் பிரேக்கை வளைவில் தொடவே வேண்டாம். ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு பின் பிரேக்கால் மட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். மைதானத்தில் நாலு செங்கல் வைத்து ஒரு வாரம் பழகினால் உடம்பே கற்றுக்கொண்டுவிடும்.

காருக்கு ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். ஏறியதும் சீட்டைச் சரிசெய்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ட் போட்டுக்கொள்கிறீர்களா என்பதிலேயே அவர் பாதி முடிவு செய்துவிடுவார் என்று நினைக்கிறேன். இண்டிகேட்டர் போடாமல் கிளப்புவது, வண்டி ஆஃப் ஆனதும் பதறுவது, ரிவர்ஸில் பின்னால் பார்க்காமல் வருவது இவையே வழக்கமாகக் கவிழ்ப்பவை. வண்டி ஆஃப் ஆனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. நியூட்ரலுக்கு வந்து, நிதானமாக மறுபடி எடுங்கள். கையால் சைகை காட்டச் சொன்னாலும் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். சில ஊர்களில் கேமரா வைத்த கணினித் தடங்கள் வந்துவிட்டன, அங்கே கோட்டைத் தொட்டால் இயந்திரமே சொல்லிவிடும், யாரிடமும் கெஞ்ச முடியாது.

தேறவில்லை என்றால் 7 நாள் கழித்து மறுபடி வரலாம், தேர்வுக் கட்டணம் மறுபடி கட்ட வேண்டும். மூன்று முறையும் போய்விட்டால் 60 நாள் காத்திருக்க வேண்டும், பயிற்சிப் பள்ளியில் திருத்தப் பயிற்சியும் முடிக்க வேண்டும். இதற்கிடையில் எல்.எல்.ஆரின் 6 மாதம் தீர்ந்துபோகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். தீர்ந்துவிட்டால் அதையும் புதிதாக எடுக்க வேண்டும்.

அட்டை வந்த பிறகு

லைசென்ஸ் அட்டை தபாலில் வீட்டுக்கு வரும். ஆகவே விண்ணப்பத்தில் போட்ட முகவரியில் வாங்க ஆள் இருக்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள் வீட்டு முகவரியைப் போட்டிருந்தால் தபால்காரரை எதிர்பார்க்கும்படி அம்மாவிடம் சொல்லி வையுங்கள். வந்ததும் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, எந்தெந்த வகை வண்டி என்று நாலையும் பாருங்கள்.

எண்ணைப் பார்த்தால் அதில் ஒரு சின்ன வரலாறு இருக்கும். டி.என். என்று மாநிலம், அடுத்து ஆர்.டி.ஓ. ஆபீஸின் எண் (மதுரை தெற்கு என்றால் 58, கோவை தெற்கு என்றால் 37), பிறகு லைசென்ஸ் கொடுத்த ஆண்டு, கடைசியில் 7 இலக்க வரிசை எண். பெரியப்பாவின் லைசென்ஸையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவர் எந்த ஊரில் எந்த வருடம் எட்டு போட்டார் என்று தெரிந்துவிடும்.

30 வயதுக்குள் எடுக்கிற சாதாரண லைசென்ஸ் 40 வயது நிறையும் வரை செல்லும். 18 வயதில் எடுத்த படம் 40 வரைக்கும் ஒவ்வொரு செக்போஸ்டிலும் காட்டப்படும் என்பதால், படம் எடுக்கும் நாளில் தலையைச் சீவிக்கொண்டு போங்கள். அட்டை வந்த கையோடு டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ லைசென்ஸைச் சேர்த்து வைத்துவிடுங்கள். சோதனையின்போது அதைக் காட்டினாலும் செல்லும். ஆனால் அட்டையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் இருந்து எடுத்துக் காட்டினால் செல்லாது, அந்தச் செயலிகளில் இருந்தே காட்ட வேண்டும்.